அன்னிக்கு அமுதா எங்க போயிருந்தா

அண்ணே, செத்த அந்தப் பக்கம் நகந்துக்குறீங்களா? ஜன்னலுக்காகக் கேக்கல. இந்தக் கம்பி மறைக்குது. முன்னால, டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல, மஞ்சக் கவுன் போட்ட புள்ள ஒண்ணு உக்காந்திருக்கு பாருங்க. அது எம் மக. தலை தெரிஞ்சாப் போதும். தலை தெரியலன்னா எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்க வேண்டியிருக்கு.

எங்கூட உக்கார மாட்டேன்னுட்டா. பொம்பளைங்க சீட்டுதான் வேணுமாம். ஏழு வயசுதான் ஆகுது, பிடிவாதத்தப் பாருங்க.

நீங்க எதுவரைக்கும்? பொன்னமராவதியா? நாங்க துவரங்குறிச்சி. நல்லதாப் போச்சு. நான் சும்மா உக்காந்து பழக்கமில்லாத ஆளுண்ணே. நிலக்கோட்டை பூ மார்க்கெட்ல குட்டியானை லோடு வண்டி ஓட்டுறேன். ஸ்டியரிங்கப் பிடிக்காம வண்டில உக்காந்தா இந்தக் கைய எங்க வைக்கிறதுன்னே தெரிய மாட்டேங்குது.

என்ன, பாப்பாவ எங்கயோ பாத்த மாதிரி இருக்கா? இருக்கும். தை மாசம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பூரா ஒட்டியிருந்தோம், காணவில்லைன்னு. வாட்ஸ்அப்லயும் சுத்துச்சு. இன்னமும் சுத்துது. முந்தாநாள் எனக்கே ஒருத்தன் அனுப்புறான், இந்தக் குழந்தையைக் கண்டால் தகவல் தரவும்னு. புள்ள கிடைச்சிருச்சுங்கிறத மட்டும் யாரும் அனுப்ப மாட்டேங்குறாங்க.

கூடவே இன்னொரு சேதியும் வந்திருக்குமே. சித்திக்காரியே புள்ளைய என்னமோ பண்ணிட்டா, விசாரணை நடக்குதுன்னு. அதையும் பாத்தீங்களா? ஆமா. அது என் சம்சாரம்தான். அமுதா.

நான் அவள ஒரு நாளும் சந்தேகப்படலண்ணே. அத மொதல்லயே சொல்லிடுறேன். ஊரு பேசுச்சு, எங்க அக்கா பேசுச்சு, போலீஸ் பேசுனாங்க. நான் ஒரு வார்த்தை, நீ பண்ணுனியான்னு அவ மூஞ்சியப் பாத்துக் கேட்டதில்ல. வேணும்னா அவகிட்டயே கேளுங்க.

பாப்பாவப் பெத்தவ அமுதா இல்ல. பாப்பாவுக்கு ரெண்டு வயசுல மொத சம்சாரம் மஞ்சக்காமாலைல போயிட்டா. எங்க ஈஸ்வரி அக்காதான் அலைஞ்சு திரிஞ்சு அமுதாவக் கொண்டுவந்துச்சு. எனக்கு அம்மா அப்பா கிடையாது, அக்காதான் எல்லாம். ‘பொண்ணு ஏழ, வாய் கிடையாது, புள்ளைய நல்லாப் பாத்துக்கும்’னு சொல்லுச்சு. சொன்ன மாதிரி பாத்துக்கிட்டா. பாப்பா அவள அம்மான்னுதான் கூப்பிடும். அதுல கொறை சொல்ல முடியாது.

புள்ள தொலைஞ்ச அந்த சனிக்கிழமை முகூர்த்த நாளு. எனக்கு விடியுமுன்ன மார்க்கெட். பாப்பாவுக்கு லீவு, என்னோட வண்டில வருவேன்னு ஒரே அழுகை. மதியம் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். புள்ளைங்ககிட்ட அப்படித்தான சொல்லுவோம்? முகூர்த்த நாள்ல எவன் மதியம் வீட்டுக்கு வருவான்? மத்தியானம் வரைக்கும் வாசல்ல நின்னு பாத்திருக்கு. அமுதா ஒரு அதட்டு அதட்டியிருக்கா. ‘உள்ள வாடி, உன்னோட மாரடிச்சே எனக்கு உசுரு போகுது’ன்னு சொன்னத எதுத்த வீட்டுக்காரம்மா கேட்டிருக்கு. அப்புறம் அமுதா பாப்பாவ அந்தம்மா வீட்டுல டிவி பாக்க விட்டுட்டு வெளிய போயிட்டா. இந்தா வந்துர்றேன்னு போனவ, திரும்பி வந்து பாத்தா புள்ள இல்ல. ‘நீ வந்துட்டேன்னு அது அப்பவே ஓடிருச்சே’ங்குது எதுத்த வீடு.

சாயங்காலம் எனக்குப் போன் வந்துச்சு. வண்டிய அப்படியே போட்டுட்டு ஓடினேன். கிணறு, வாய்க்கா, மார்க்கெட், பள்ளிக்கூடம், ஒரு எடம் பாக்கி இல்ல. ஒரு சமயம் முள்ளுக்காட்டுக்குள்ள நின்னு பாப்பா பாப்பான்னு கத்துறேன், என் கொரலு எனக்கே யாரோ கத்துற மாதிரி கேக்குது. அதச் சொல்ல முடியாதுண்ணே. விடுங்க.

ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டரு மொதக் கேள்வியே அமுதாகிட்டதான் கேட்டாரு. ‘புள்ளைய விட்டுட்டு எங்கம்மா போன?’

‘கடைக்கு’ன்னா.

எந்தக் கடைன்னாரு. பேசல. என்ன வாங்குனன்னாரு. பேசல. தலையக் குனிஞ்சுகிட்டா. சந்தேகம் இல்லண்ணே, சந்தேகம் இல்ல. ஆனா ஒரு பொம்பள ஒரு மணி நேரம் எங்க போனான்னு புருசனுக்குத் தெரியலன்னா எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க.

இந்தா, போன் அடிக்குது பாருங்க. அக்காதான். அடிக்கட்டும். லோடு எடுத்துக்கிட்டுக் கம்பம் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். எடுத்தா பஸ் சத்தம் கேட்டுரும்.

எங்க விட்டேன்? ஆங், ஸ்டேஷன். அக்கா அமுதாவோட போனப் பாத்திருக்கு. ஏதோ ஒரு நம்பருக்கு அந்த வாரத்துல நாலஞ்சு தடவ பேசியிருக்கா. ‘தம்பி, இது யாரு நம்பருன்னு கேளு’ங்குது. நான் கேக்கலண்ணே. நான் எதுக்குக் கேக்கணும்? போன வாங்கி நேரா இன்ஸ்பெக்டர்கிட்டக் குடுத்துட்டேன். ஒளிக்க எதுவும் இல்லன்னா குடுத்துர வேண்டியதுதான? அவளுக்கு நல்லதுன்னுதான் குடுத்தேன். அவரு வாங்கி ஆஃப் பண்ணி, ஒரு கவர்ல போட்டு, பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு.

அப்பத்தான் அமுதா யாரும் கேக்காமலே மொத தடவையா வாயத் தொறந்தா. ‘சார், போன மட்டும் குடுத்துருங்க. பாப்பாவுக்கு என் நம்பர்தான் தெரியும். வேற எதுவும் தெரியாது’ன்னா.

இன்ஸ்பெக்டரு என்னப் பாத்தாரு. ‘யோவ் தவமணி, உன் மகளுக்கு உன் நம்பர் தெரியாதா?’ன்னாரு. என் நம்பரு எனக்கே தெரியாது சார்னேன். ஆஃபர் வர்றப்பல்லாம் நான் சிம்மு மாத்துற ஆளு. அவரு சிரிச்சாரு. அமுதா மறுபடியும் போனக் கேட்டா. அக்கா என் காதுல சொல்லுச்சு, ‘புள்ளையக் காணோம்னு பச்சத்தண்ணி பல்லுல படாம இருக்கோம், இவளுக்குப் போன் ஒண்ணுதான் கேடு. யாருக்குடா பேசணும் இவளுக்கு?’

எனக்கும் அதுதான் தோணுச்சு. தோணுறது வேற, சந்தேகம் வேற இல்லையா?

தெனமும் கேட்டாண்ணே. ஸ்டேஷனுக்குக் கூப்பிடுறப்பல்லாம் போனக் கேக்குறா. வீட்டுல வந்தா எங்கிட்டக் கேக்குறா. ‘ஏங்க, நீங்க கேட்டாக் குடுப்பாங்க, ஒரு வார்த்தை கேளுங்க.’ நான், ‘பொத்திக்கிட்டு இரு, கேட்டா இன்னும் சந்தேகப்படுவாங்க’ன்னு சொல்லிட்டேன். அவளக் காப்பாத்தத்தான் சொன்னேன்.

அந்த நம்பரு யாருதுன்னு போலீஸ்காரங்களே கண்டுபிடிச்சாங்க. இன்ஸ்பெக்டரு என்னையக் கூப்பிட்டு உக்கார வச்சு, டீ வாங்கிக் குடுத்துச் சொன்னாரு. ‘உன் சம்சாரம் அன்னிக்கு மதியம் போனது ஆஸ்பத்திரிக்குய்யா. அந்த நம்பர் அங்க இருக்குற நர்ஸோடது. ரெண்டு மாசம் முழுகாம இருக்கு. உனக்குத் தெரியாதா?’

தெரியாது சார்னேன்.

டீ டம்ளரக் கீழ வைக்கவும் தெரியல, குடிக்கவும் தெரியல. கல்யாணமாகி நாலு வருசம் தங்கவே இல்ல, ரெண்டு தடவ கலைஞ்சும் போச்சு. அதனால உறுதியாகட்டும்னு யாருகிட்டயும் சொல்லாம இருந்திருக்கா. சந்தோசப்படுற சேதி அது. ஆனா மூத்தது எங்க கெடக்கோ, அப்ப எப்படிச் சந்தோசப்பட?

அப்புறம்தான் இன்ஸ்பெக்டரு மெதுவாச் சொல்றாரு. ‘இதுவரைக்கும் காரணம் இல்லாம இருந்துச்சு. இப்பக் காரணம் கிடைச்சிருச்சு பாத்தியா?’ எனக்கு மொதல்ல புரியல. வீட்டுல வந்து அக்காகிட்டச் சொன்னேன். அது டப்புன்னு புரிஞ்சுக்கிருச்சு. ‘தனக்குன்னு ஒண்ணு வந்ததும் மூத்தவ புள்ளைய ஒழிச்சுக் கட்டிட்டாடா’ன்னு தெருவுல நின்னு மண்ண வாரித் தூத்துச்சு. அக்காவக் கொறை சொல்ல முடியாது. அது பாப்பா மேல உசுரு.

அமுதாகிட்டயா? இல்ல, மாசமா இருக்கறதப் பத்தி நான் ஒண்ணும் பேசல. அதுவா அப்பப் பேசுற நேரம்?

மறுநாள் அமுதாவ மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. உள்ளங்கையில சூடம் ஏத்திச் சத்தியம் பண்ணச் சொல்லி அக்கா கேட்டுச்சு. நான் வேணாம்னுதான் நெனச்சேன். ஆனா பண்ணிட்டா ஊரு வாய மூடிரும் பாருங்க, அதனால பேசாம நின்னேன். அமுதா கைய நீட்டுனா. சூடம் எரியுது. அவ அம்மனப் பாக்கல. என்னயவே பாத்துக்கிட்டு இருந்தா. சூடம் தானா அணையுற வரைக்கும் கைய இழுக்கலண்ணே. கை கொப்புளிச்சுப் பொத்துப்போச்சு. நானே மருந்து வாங்கிட்டு வந்து வச்சேன். அவ போட்டாளா இல்லையான்னு தெரியல, கவனிக்கல.

ஊரு வாய மூடிச்சான்னா, அதுவும் இல்ல. ‘பாத்தியா, கைகூட ஆடல, எம்புட்டு நெஞ்சழுத்தம்’னாங்க.

கோபால்பட்டி வந்துருச்சா? பாப்பா எந்திரிச்சிருச்சே, எங்க எந்திரிக்குது... ஓ, அந்தம்மாவுக்கு எடம் விடுது. சரி சரி. இருக்கு.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுக் காலைல அமுதாவக் காணோம். அக்கா வாசல்ல நின்னு கத்துது, ‘ஓடிட்டாடா, சொன்னேன் கேட்டியா, ஓடிட்டா.’ நான் பைக்க எடுத்துக்கிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இல்ல. கடைத்தெருவுல வர்றேன், செல்போன் கடை வாசல்ல ஒரு பெஞ்சுல உக்காந்திருக்கா. கையில புதுசா ஒரு சின்ன பட்டன் போனு. அதையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கா.

எனக்கு எங்கருந்துதான் அப்படிக் கோவம் வந்துச்சோ. போலீஸ்ல போன வாங்கி வச்சா இவ கமுக்கமா இன்னொரு போன் வாங்குறான்னா என்ன அர்த்தம்? அவ மணிக்கட்டப் பிடிச்சு இழுத்து, ‘எவனுக்குடி பேசணும் உனக்கு’ன்னு கத்திட்டேன். கடைத்தெரு பூரா நின்னு பாக்குது. கடைக்காரப் பையன், ‘அண்ணே, அவங்க பழைய நம்பருக்குத்தாண்ணே வேற சிம்மு கேட்டாங்க, ஆதார் வச்சு, இப்பத்தான் லைன் வந்துச்சு’ங்குறான். எனக்கு அது காதுலயே ஏறல.

அப்பப் போன் அடிச்சுச்சு.

என் பிடிக்குள்ள அவ கை, அந்தக் கையில அடிக்குது போனு. அவ எடுக்குறதுக்குள்ள நான் பிடுங்கி எடுத்தேன். எடுத்து, ‘எவன்டா அவன்?’னேன்.

ஒரு பொம்பளக் கொரலு. மலையாளம். புள்ளையோட அம்மாவா அம்மாவான்னு கேக்குது. பின்னால யாரோ சின்னக் கொரல்ல ஏதோ சொல்றது கேக்குது. அந்தப் பொம்பள போன அங்க குடுத்துச்சு. ‘அம்மா?’ன்னுச்சுண்ணே.

நான், ‘பாப்பா, அப்பாடா, அப்பாடா’ங்குறேன். அது, ‘அம்மாகிட்டக் குடு’ன்னுச்சு.

அமுதா வாங்கிக் காதுல வச்சா. ‘ஏம்மா போன எடுக்கவே இல்ல?’ன்னு அது கத்துறது எனக்கு வெளியவே கேட்டுச்சு. அமுதா அப்படியே தரையில உக்காந்துட்டா.

பாப்பா பாலக்காட்டுப் பக்கம் ஒரு காப்பகத்துல இருந்திருக்கு. நடந்தது என்னன்னா, அமுதா வெளிய போனதும் பாப்பா என்னயத் தேடிக்கிட்டு மார்க்கெட்டுக்கு வந்திருக்கு. எல்லாக் குட்டியானையும் வெள்ளதான, எல்லாத்துக்கும் நீலத் தார்ப்பாய்தான? என் வண்டின்னு நெனச்சு வேற வண்டில ஏறிப் பூ மூட்டைக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கு. அப்பாவ ஏமாத்தி வெளாட்டுக் காட்டலாம்னு. ஒளிஞ்சது அப்படியே தூங்கிப்போச்சு. அந்த வண்டி கேரளா லோடு. அங்க எறக்குறப்ப முழிச்சு, யாருமே தெரிஞ்சவங்களா இல்லன்னதும் பயந்து எறங்கி ஓடியிருக்கு. டிரைவரு பாக்கவே இல்லையாம். பாவம், ரோட்டுல அழுதுக்கிட்டு நின்னத யாரோ கொண்டுபோய்க் காப்பகத்துல சேத்திருக்காங்க.

அந்த வார்டன் அம்மா எங்கிட்டச் சொன்னாங்க, இப்படி ஒரு புள்ளையப் பாத்ததே இல்லன்னு. பேரு என்னன்னு கேட்டா போன் நம்பரச் சொல்லுமாம். ஊரு என்னன்னு கேட்டா அதே நம்பரு. தமிழ் தெரிஞ்சவங்களக் கூட்டிட்டு வந்து கேட்டாலும் அதே நம்பரு. ஏன்னு கேக்குறீங்களா? அமுதா சொல்லிக் குடுத்திருக்கா. தெனம் தலை சீவி விடுறப்ப, பாட்டு மாதிரி. ‘தொலைஞ்சுட்டா யாருகிட்டயும் பேரு ஊரு சொல்லாத, கெட்டவங்களா இருந்தாலும் இருப்பாங்க. இந்த நம்பர மட்டும் சொல்லு, அம்மா வந்துர்றேன்.’ அது அப்படியே பிடிச்சுக்கிருச்சு. அவங்களும் காலையும் சாயங்காலமும் அடிச்சிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் சுவிட்ச் ஆஃப். ‘அம்மா எடுப்பாங்க, இன்னொரு தடவ அடிங்க’ங்குமாம். ராத்திரியெல்லாம் காய்ச்சலு வேற.

போன் பீரோவுல இருந்துச்சு. ஆமா. நேரம் அப்படிண்ணே. கெரகம் சரியில்ல. யாரு என்ன பண்ண முடியும்?

கூட்டிட்டு வர நாங்க ரெண்டு பேரும்தான் போனோம். நான் வாசல்ல மண்டி போட்டுக் கைய விரிச்சு உக்காந்திருக்கேன். பாப்பா ஓடி வருது. என்னயத் தாண்டி ஓடிப்போய் அமுதா இடுப்பக் கட்டிக்கிருச்சு. பொம்பளப் புள்ளைங்க அப்படித்தான்.

வீட்டுக்கு வந்தோம். அமுதா புள்ளையக் குளிப்பாட்டி, பேன் பாத்து, சோறூட்டித் தூங்க வச்சா. எல்லாம் ஒத்தக் கையில. இன்னொரு கைதான் பொத்துக் கெடக்கே. தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு. அக்காகூட, ‘சரி விடு, நடந்தது நடந்துபோச்சு, ஒரு காப்பியப் போடு’ன்னு பெருந்தன்மையாத்தான் பேசுச்சு. போட்டுக் குடுத்தா.

மறுநாள் விடிஞ்சதும் பையோட நிக்குறா.

எங்க போறன்னேன். ‘எங்க ஊருக்கு’ன்னா. ஏன்னேன். எல்லாம்தான் சரியாப் போச்சே, இனி என்னன்னேன். ஒரு சண்டை போட்டிருந்தாப் பரவால்லண்ணே. திட்டியிருந்தாக்கூட வாங்கிக்கிட்டிருப்பேன். மெதுவாத்தான் சொன்னா. ‘பாப்பா வந்துருச்சுல்ல. அதுக்காகத்தான் இருந்தேன். அதக் கூட்டிட்டுப் போக எனக்கு உரிமை இல்லன்னு நேத்து ராத்திரி உங்க அக்கா சொல்லிட்டாங்க. நீங்களும் நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்க.’ அம்புட்டுத்தான். போயிட்டா.

மூணு மாசமாச்சு. நான் போகல. எதுக்குப் போகணும், நான் என்ன தப்புப் பண்ணேன்? கோவம் தீந்தா வருவான்னு இருந்தேன். அக்காவும், ‘நீ போய் நின்னா ஆட்டம் காட்டுவா’ன்னுச்சு. ஆனா வீடு வீடா இல்லண்ணே. லோடு எறக்கிட்டு வந்தா, வீட்டுக்குள்ள போகத் தோண மாட்டேங்குது. வண்டிலயே உக்காந்திருக்கேன். பாப்பா எங்கிட்டப் பேசுறது கொறைஞ்சுபோச்சு. பரீச்சை முடிஞ்ச அன்னிக்கு அதுவா வந்து, ‘அம்மாகிட்டக் கொண்டுபோய் விடு’ன்னுச்சு. ரெண்டு நாளு இருந்துட்டு வருவியான்னேன். துணி பூராத்தையும் எடுத்து வச்சுக்கிருச்சு, சொட்டர்கூட. சித்திரை வெயில்ல சொட்டரு எதுக்குன்னு கேட்டேன். மழைக்காலம் வரும்லங்குது.

புள்ளைதான, தெரியாமப் பேசுது. அமுதாவையும் சேத்துக் கூட்டிட்டு வந்துட்டா எல்லாம் சரியாயிரும். வருவா. புள்ள மொகத்துக்காக வருவா. இல்லையாண்ணே?

நத்தம் தாண்டி எம்புட்டு நேரமாச்சு? இந்தக் கண்டக்டரு துவரங்குறிச்சின்னு கத்துவாருல்ல? கத்தாமப் போயிட்டா?

இந்தா வந்துருச்சு. வந்துருச்சு. பாப்பா! ஏய், வண்டி நிக்கட்டும்! பிடிச்சு எறங்கு... இங்க பாருங்க, பையத் தூக்கிக்கிட்டு அதுவே எறங்கிருச்சு. திரும்பிக்கூடப் பாக்கல. அந்தா, அங்க ஓடுது. நான் வர்றேன்னு யாருக்கும் சொல்லலையே. இது எப்பச் சொல்லுச்சு, யாரு போன்ல சொல்லுச்சு? அந்தா, நிழல்ல நிக்குறா பாருங்க, பச்சச் சேலை. அவதான். அமுதாதான். வயிறு தெரியுதுண்ணே. எளைச்சுப் போயிருக்கா. ஆனா வயிறு தெரியுது.

புள்ளையத் தூக்க முடியாம இடுப்போட சேத்துப் பிடிச்சுக்கிட்டு இங்கதான் பாக்குறா. பஸ்ஸத்தான் பாக்குறா.

எறங்குறேன் கண்டக்டரே, செத்த இருங்க, விசிலடிக்காதீங்க. எறங்குறேன்யா.

அண்ணே, ஒரே ஒரு நிமிசம். மொத வார்த்தை என்ன பேசட்டும்? வா போலாம்னு கூப்பிடவா? இல்ல, நல்லாருக்கியான்னு கேக்கவா? சிரிக்காதீங்கண்ணே. அவகிட்ட நான் அதக் கேட்டதே இல்ல, எப்படிக் கேக்கணும்னே தெரியல.